நண்டுக்கல்லின் இனமும் தாயகமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். முதலில் யானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரிக் கண்காட்சியில் வைக்கப்பெற்ற ஒரு சிறு கல்லைப் பற்றிய கடன் ஒன்று என்மேல் நிற்கின்றது. அக்கல்லின் முன் வைத்த குறிப்பட்டையை எழுதியவன் யானே. அதில் எழுதியது பிழை. அக்கண்காட்சியைப் பார்த்துச் சென்ற மாணவரும் பெற்றோரும் பழைய மாணவரும் பலர். அவர்களையெல்லாம் மீண்டும் அழைத்துத் திருத்தஞ் சொல்லுதல் இயலாது. இம்மலரோ அவர்கள் கைக்குச் செல்லும். ஆதலின், அப்பிழையையும், அது பிழையென்பது எவ்வாறு புலப்பட்டது என்பதையும், அதனால் யாம் கற்ற முறையையும் இங்கே எழுதத் துணிந்தேன்.

கல் வந்த வரலாறு

பத்தாந் தரத்தில் என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன், கண்காட்சிக்கென ஒரு துணிப்பொதியைக் கொண்டுவந்தான். அவன் அப்பப்பா வலிகாமத்திற் பெயர்பெற்ற பரியாரியாராக விளங்கியவர்; அப்பொழுது அவர் காலமாகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. பொதியை அவிழ்த்தபோது, உள்ளங்கையில் அடங்கத்தக்க சாம்பல் நிறக் கல்லொன்று வெளிப்பட்டது. அதன் ஒரு முகத்தில் நண்டொன்று கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. வரைந்ததோ செதுக்கியதோ அன்று. நண்டே கல்லாகிக் கிடந்தது. “அப்பப்பாவின் மருந்துப் பெட்டியில் இருந்தது; வீட்டுக் கிணறு வெட்டும்போது வந்ததாகச் சொல்லுகிறார்கள்” என்றான் மாணவன்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது என்பதும், அச்சுண்ணக்கல் மயோசீன் காலத்துக் கடலிற் படிந்தது என்பதும் நம் மாணவர் அறிந்தவையே. வேலண்ட், டேவிஸ் என்னும் அறிஞர் இருவர் 1923 ஆம் ஆண்டில் இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. மயோசீன் காலமாவது இற்றைக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். கிணறு வெட்டும்போது வந்த கல். கிணறு சுண்ணக்கல்லில் வெட்டப்பட்டது. ஆதலின் நண்டும் அக்காலத்தது. இவ்வாறு மூன்று படியில் முடிவுகட்டி, அழகிய எழுத்தில், “நண்டின் உயிர்ச்சுவடு. வலிகாமத்துக் கிணறொன்றிற் கிடைத்தது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு” என எழுதி வைத்தேன். பார்த்தவர் யாவரும் வியந்தனர். நம் மண்ணின் பழைமைக்கு ஒரு சான்று கிடைத்ததென யானும் மகிழ்ந்தேன்.

இரண்டாம் நாள், புவிச்சரிதவியல் கற்று வெளிநாட்டிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர் கண்காட்சிக்கு வந்தார். அக்கல்லை நெடுநேரம் நோக்கினார். பின் என்னை அணுகி, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது கிணற்றிலிருந்து வரக் கண்டவர் யார்?” அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சொன்னவர் இருந்தனர், கண்டவர் எவரென யான் கேட்டதேயில்லை. பிறர் முன்னிலையில் என்னைத் திருத்த அவர் விரும்பவில்லை என்பதை உணர்ந்தேன். கண்காட்சி முடிந்தபின் அவர் இரண்டு மாலைப் பொழுதுகளை எமக்கென ஒதுக்கினார். விஞ்ஞான ஆசிரியரும், அம்மாணவனும், யானும் அவரோடு ஆய்கூட மேசையைச் சுற்றி அமர்ந்தோம். அங்கே கற்றதே இனி வருவது.

முதல் வினா: இது மெய்யான உயிர்ச்சுவடா?

உயிர்ச்சுவடு ஒன்று கைக்கு வந்தவுடன் அதன் பெயரைத் தேடுதல் தவறு. அது மெய்யா, செய்கையா என்பதே முதலில் வினாவத்தக்கது. நண்டுச் சுவடுகள் உலகெங்கும் விலைக்கு விற்கப்படுவன. உடைந்த காலுக்கு வேறொரு நண்டின் காலை ஒட்டுவதும், இல்லாத காலைப் பிசினிலும் சாந்திலும் செய்து வைப்பதும் வணிகரிடையே உண்டு.

உருப்பெருக்கு வில்லையால் நோக்குமிடத்து, மெய்யான ஓட்டின் மேற்பரப்பில் நுண்ணிய மணிகளும் குழிகளும் ஒழுங்காகத் தொடர்ந்து செல்லும். செதுக்கிய உருவில் உளியின் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். பிசினில் வார்த்த உருவிற் சிறு காற்றுக் குமிழிகளின் வடு தெரியும். ஒட்டுவேலை செய்யப்பட்ட இடத்தில் மணிகளின் ஒழுங்கு திடீரென அறுபடும். எம் கல்லில் ஒரு காலின் நுனி உடைந்திருந்தது. அவ்வுடைவில் மெல்லிய ஓடு ஒரு வளையமாகவும், அதனுள்ளே சாம்பற் களி இறுகிய கல்லாகவும் தெரிந்தன. வெற்றோட்டினுட் சேறு புகுந்து நிறைந்து கல்லானமைக்கு அதுவே சான்று. அவ்வமைப்பைச் செதுக்கி உண்டாக்குதல் எளிதன்று. ஆகவே, கல் மெய்யானதே எனத் துணிந்தோம்.

இரண்டாம் வினா: இறந்த உடலா, கழற்றிய சட்டையா?

நண்டு வளரும்போது அதன் ஓடு வளர்வதில்லை. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பெறுகின்றது. ஒரு நண்டு தன் வாழ்நாளிற் பல சட்டைகளை விட்டுச்செல்லும். ஆகவே உயிர்ச்சுவடாகக் கிடைப்பது நண்டின் உடலாகவும் இருக்கலாம். அது கழற்றியெறிந்த சட்டையாகவும் இருக்கலாம். சட்டை கழற்றும்போது முதுகோட்டின் பின்னோரம் மேலெழுந்து திறக்க, அவ்வழியே நண்டு பின்புறமாக வெளியேறும். அவ்வாறு வெளியேறியபின் எஞ்சும் கூட்டில் முதுகோடு பின்புறத்தில் விலகிக் கிடப்பது வழக்கம். எம் கல்லிலோ முதுகோட்டின் பின்னோரம் வயிற்றுப்புறத்தோடு பொருந்தியே இருந்தது. எனவே இது சட்டையன்று, உடலே என்பது பெரிதும் பொருந்தும்.

கல்லைத் திருப்பி நோக்கினோம். நண்டின் வால்போன்ற பகுதி மார்பின்கீழ் மடிந்து கிடப்பது. பெண் நண்டில் அம்மடிப்பு அகன்று, முட்டைகளைத் தாங்கத்தக்கதாய் இருக்கும். ஆண் நண்டில் ஒடுங்கி முக்கோணமாய் இருக்கும். எம் நண்டின் மடிப்பு ஒடுங்கியது. மீன்சந்தைக்குச் செல்லும் எவரும் அறிந்த இவ்வடையாளம், கல்லான நண்டிலும் அவ்வாறே நின்று உதவுகின்றது. ஆண் நண்டொன்று தன் சேற்றில் இறந்து, விரைவில் மூடுண்டு, கால்கள் சிதறாமற் கிடந்தது என்பது இதுவரை பெறப்பட்டது.

விரைவில் மூடுண்டமை இன்றியமையாதது. திறந்த கரையில் இறக்கும் நண்டைப் பறவைகளும் பிற நண்டுகளும் அலைகளும் சில நாட்களிற் சிதைத்துவிடும். வளையினுள்ளே சேற்றில் அமிழ்ந்து இறப்பதே கல்லாகும் வாய்ப்புடையது. உடல் அழுகும்போது சுற்றியுள்ள நீரின் இரசாயன நிலை மாறுகின்றது; நீரிற் கரைந்திருந்த கனியங்கள் உடலைச் சுற்றிப் படிகின்றன; சேறு அங்கே மட்டும் முந்தி இறுகி ஓர் உருண்டையாகின்றது. பிற்காலத்தில் மழையும் அலையும் இளகிய சேற்றைக் கழுவிச் செல்ல, உருண்டை மட்டும் வெளிப்படும்.

மூன்றாம் வினா: எந்த இனம்?

இங்கே யாம் நம் கரைகளில் வாழும் நண்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு விலக்கினோம். சந்தையில் விலைபோகும் நீல நண்டின் முதுகோட்டிற்கு இருபுறமும் ஒன்பது ஒன்பது பற்கள் உண்டு. அவற்றுள் இறுதிப் பல் முள்ளாக நீண்டிருக்கும். கடைசிக் கால்கள் துடுப்புப்போல் தட்டையாயிருக்கும். கண்டற் சேற்றில் வாழும் பெருநண்டிற்கும் ஒன்பது பற்களே. ஆனால் அவை ஏறத்தாழ ஒரேயளவின. எம் கல்லின் நண்டிற்குப் பக்கப் பற்கள் மிகச் சிலவே இருந்தன, கால்களும் துடுப்பாகவில்லை. ஆதலின் இவ்விரண்டும் அல்ல.

மணற்கரையில் விரைந்தோடும் நண்டும், ஒரு கை பெருத்த ஆணையுடைய சிறு சேற்று நண்டும் அடுத்து நோக்கப்பட்டன. இவற்றின் முதுகோடு சதுரத்தை ஒத்தது அல்லது பின்னோக்கி ஒடுங்கியது. கண்குழியின் வெளிமூலைக்குப் பின்னே பக்க ஓரத்திற் குறிப்பிடத்தக்க பற்கள் இல்லை. எம் கல்லிலோ அவ்வெளிமூலைக்குப் பின்னும் பற்கள் தெளிவாயிருந்தன. ஆகவே இவையும் விலக்கப்பட்டன.

எஞ்சிய அடையாளங்களைத் தொகுத்தோம். முதுகோடு நீளத்திலும் அகலம் மிக்கது. இரு கண்களுக்கும் இடைப்பட்ட நெற்றி மிக ஒடுங்கியது. நெற்றியின் இருபுறமும் முன்னோரம் முழுவதும் கண்தண்டுகள் படுக்கும் நீண்ட குழிகளாக அமைந்தது. பக்க ஓரத்தின் முற்பகுதியிற் சில பற்கள். முதுகெங்கும் மணிமணியான பரப்பு. இவ்வைந்தும் ஒருங்கே அமைவது மக்குரொப்தல்மஸ் என்னும் சாதியில். கிரேக்க மொழியில் ‘நெடுங்கண்’ என்பது அப்பெயரின் பொருள். நெடிய தண்டின்மேற் கண்ணை உயர்த்திச் சேற்றுவெளியைக் காவல்செய்யும் நண்டு அது.

அச்சாதியுள் உயிர்ச்சுவடாக மிகுதியாகக் கிடைப்பது மக்குரொப்தல்மஸ் லத்ரேய்யி என்னும் இனம். அதன் பெயர் வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டு அறிஞர் தெமரே என்பார், புரோஞ்ஞியார் என்பாரோடு சேர்ந்து 1822 ஆம் ஆண்டில் உயிர்ச்சுவடான ஓட்டுடலிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில், கல்லான ஒரு நண்டை விவரித்து, தம் காலத்துப் பேரறிஞராகிய லத்ரேய் நினைவாக அதற்குப் பெயரிட்டார். அப்பெயர் முதன்முதல் இடப்பட்டது கல்லுக்கே; உயிருள்ள நண்டுக்கன்று. பின்னர் இந்து மாகடலின் கரைகளிலும் மேற்குப் பசிபிக் கரைகளிலும் சேற்றில் உயிரோடு வாழும் நண்டுகளுக்கு வேறு அறிஞர் வேறு பெயர்கள் இட்டனர். ஒப்பிட்டு நோக்கியபோது, அவற்றுட் சில அக்கல்நண்டின் இனமே எனக் காணப்பட்டது. முந்திய பெயரே நிலைக்கும் என்பது பெயரீட்டு விதி. ஆகையால், இன்று சேற்றில் ஓடித்திரியும் நண்டு, கல்லாய்க் கிடந்த தன் முன்னோர்க்கு இட்ட பெயரைத் தாங்கி நிற்கின்றது.

எம் கல்லின் நண்டு லத்ரேய்யி என்பதற்குப் பொருத்தம் மிகுதி. ஆயினும் பெரியவர் எம்மைத் தடுத்து ஒன்று சொன்னார். சாதியைத் துணிவதற்குரிய அடையாளங்கள் யாவும் கல்லில் உள. இனத்தைத் துணிவதற்குரிய கையின் உட்புறமும், சில பற்களின் நுனியும் தேய்ந்துபோயின. ஆகவே, “இச்சாதி” எனத் துணிந்தும், “இவ்வினத்தை ஒத்தது” என அடங்கியும் எழுதுதலே முறை என்றார். செய்யுளில் ஒரு சீர் சிதைந்த ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவன், சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவானேயன்றித் தன் சொல்லை இட்டு நிரப்பான் என்பது என் நினைவுக்கு வந்தது.

நான்காம் வினா: எங்கிருந்து வந்தது?

என் குறிப்பட்டை தவறியது இவ்வினாவிலேயே. உயிர்ச்சுவட்டின் தாயகத்தை அறிவதற்கு உயிரைப் பார்த்தல் போதாது. அதனோடு ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தல் வேண்டும்.

கல்லின் அடிப்புறத்தில், நண்டின் ஓட்டைத் தொடாமல், ஒட்டிய களியில் ஒரு சிட்டிகை சுரண்டி எடுத்தோம். விஞ்ஞான ஆசிரியர் அதனைக் கண்ணாடித் தட்டிலிட்டு, ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டார். குமிழிகள் எழுந்தன. மாணவன் முகம் மலர்ந்து, “சுண்ணக்கல்தான்!” என்றான். என் உள்ளத்திலும் அதுவே. பெரியவர் நகைத்து, “நுரையைப் பாராதீர்கள், நுரை அடங்கியபின் எஞ்சுவதைப் பாருங்கள்” என்றார். நுரை அடங்கியது. தட்டிற் சாம்பல் நிறக் களி பெரும்பாலும் அவ்வாறே கிடந்தது. களியை இறுக்கிப் பிணித்த சிறிதளவு சுண்ணமே நுரைத்தது. கல்லின் பெரும்பகுதி கரையாத கடற்சேறு. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லாயின் பெரும்பகுதி கரைந்திருக்கும். ஒரு சோதனையைப் பாதியில் நிறுத்தினால் அது நாம் விரும்பிய விடையையே தரும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

காலமும் இதற்கு ஒத்து நின்றது. லத்ரேய்யி இனத்தின் சுவடுகள் பெரும்பாலும் பிளைத்தோசீன் காலத்தனவும் அதற்குப் பிற்பட்டனவுமாம். பிளைத்தோசீன் காலம் ஏறத்தாழ 25 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. மயோசீன் சுண்ணக்கல்லோடு இதற்கு உறவில்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலும், அதன்கீழுள்ள வெண்கல்லிலும் இச்சாம்பற் சேற்றுக்கு இடமுமில்லை.

அங்ஙனமாயின் பரியாரியாரின் பெட்டிக்கு இது எவ்வாறு வந்தது? விடை அப்பெட்டியிலேயே இருந்தது. சித்த மருத்துவத்தில் ‘நண்டுக்கல்’ என்பது ஒரு மருந்துச் சரக்கு. அதனைச் சுத்திசெய்து, புடமிட்டுப் பற்பமாக்கிக் கல்லடைப்பு, நீரடைப்பு முதலிய நோய்களுக்கு வழங்குவர். சீன மருத்துவரும் இத்தகைய கல்நண்டைப் பழங்காலந் தொட்டு வழங்கினர். பத்தாம் நூற்றாண்டில், சொங் மரபு அரசர் காலத்தில் தொகுக்கப்பெற்ற ‘கைபாவ்’ மருந்துநூலில் அது சொல்லப்படுகின்றது. ஹைனான் தீவின் கரையிலுள்ள மிகக் குளிர்ந்த சேற்றில் இறங்கும் நண்டு அசையமாட்டாது கல்லாகிவிடும் என்பது அந்நாட்டுப் பழஞ்செய்தி. குளிர் என்பது கற்பனையாயினும், சேறு என்பது உண்மையே. ஆகவே நண்டுக்கல் கைமாறிக் கடல்கடந்து திரிந்த சரக்கு. பெட்டியிற் கிடந்தது கிணற்றுக் கல்லன்று, மருந்துக் கல் என்பதே பொருந்திய முடிபு.

ஆச்சி காட்டிய கல்

இவ்வளவும் தெளிந்தபின்னும் ஒன்று என்னை உறுத்தியது. பரியாரியார் பொய் சொல்லுபவரல்லர் என்பதை ஊர் அறியும். கிணற்றுக் கதை எங்கிருந்து வந்தது? மாணவனோடு அவன் வீட்டுக்குச் சென்று, அவன் அப்பம்மாவிடம் கேட்டேன். கல்லைக் கையில் வாங்கி இருபுறமும் தடவிப் பார்த்தார் ஆச்சி.

“மாஸ்ரர், இது கிணத்துக் கல்லில்லை. இது அவர் மருந்துக்கு வாங்கி வைச்சது. கிணத்துக் கல்லு அங்கை கிடக்கு” என்று அடுக்களை வாயிலைக் காட்டினார்.

அங்கே கதவுக்கு முட்டாக ஒரு வெண்கல் கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தபோது, அதன் அடிப்புறத்திற் கடற்சிப்பி ஒன்றின் அச்சு வரிவரியாகப் பதிந்திருந்தது. “சூறாவளி அடிச்சதுக்கு அடுத்த வருஷம் கிணறு வெட்டினது. நான் பக்கத்திலை நிண்டனான். எங்கடை வளவுக்குக் கீழை கடல் இருந்திருக்கெண்டு சொல்லி அவர் அதைப் பெட்டிக்குள்ளை வைச்சவர்” என்றார் ஆச்சி. அச்சூறாவளி 1964 மார்கழியில் அடித்தது. கிணறு வெட்டியது 1965 இல். 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, பெட்டியை மட்டும் தூக்கிச் சென்றார்கள். பாரம் தாங்காமல் வெண்கல்லை வீட்டிலேயே விட்டுச் சென்றார்கள். பெட்டியினுள்ளே பரியாரியார் எழுதி வைத்த கடதாசித் துண்டுகள் வழியில் மழையில் நனைந்து கரைந்தன. திரும்பி வந்தபின், பெட்டிக்குள் எஞ்சியிருந்த ஒரே கல்லின்மேற் கிணற்றுக் கதை ஏறிக்கொண்டது. கதை மெய், கல்லும் மெய், இரண்டையும் சேர்த்ததே பிழை. அந்தப் பிழைக்கு அழகிய எழுத்தில் உருவங் கொடுத்தவன் யான்.

வெண்கல்லில் ஒரு சிட்டிகை எடுத்து முன்போற் சோதித்தோம். பொங்கி நுரைத்துக் கரைந்தது. தட்டில் எஞ்சியது மிகச் சிறிது. நம் கிணற்றுக் கல் அதுவே.

திணையும் கருப்பொருளும்

நண்டுக்குத் தமிழிற் பெயர்கள் பல: அலவன், ஞெண்டு, நள்ளி, களவன். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியிற் ‘களவன் பத்து’ என ஒரு பகுதியே உண்டு. அங்கே வருவது வயல் நண்டு. நெய்தற் பாட்டுக்களில் மகளிர் அலவனாட்டி விளையாடுவது மணற்கரையில். நம் முன்னோர் ஓர் உயிரைச் சொல்லும்போது அதன் நிலத்தையும் உடன் நிறுத்தினர். முதல், கரு, உரி எனத் தொல்காப்பியம் வகுத்தமையின் பயன் இதுவே. நிலத்தினின்று பிரித்த கருப்பொருள் வெறும் சொல்லாகிவிடும். இடம் அறியப்படாத உயிர்ச்சுவடும் அத்தன்மையதே. அதன் உருவம் நம் கையில் இருக்கும். அது கூறவேண்டிய வரலாறோ பாதிக்குமேல் மறைந்துபோம்.

இஃது ஒரு பாடசாலைக் கண்காட்சியின் சிறு தவறு என எண்ணுதல் கூடாது. இமயமலையிற் கிடைத்தனவென்று பல ஆண்டுகளாக ஆய்வேடுகளில் எழுதப்பட்டு வந்த உயிர்ச்சுவடுகளுட் சில, அங்கே கிடைத்தனவாகா என்றும், மொறோக்கோ முதலிய பிறநாட்டுச் சுவடுகளை ஒத்தன என்றும் அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் டேலண்ட் 1989 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அவற்றை நம்பி எழுதப்பட்ட பிற ஆய்வுகளும் அதனால் ஐயத்துக்குள்ளாயின. சுவடு போலியன்று, இடமே போலி. இடம் ஒன்று பிழைத்தால், அதன்மேற் கட்டிய காலமும், கடலும், நிலத்தின் வரலாறும் உடன் பிழைக்கும். அங்கே நிகழ்ந்தது வேண்டுமென்று செய்த புரட்டு. இங்கே நிகழ்ந்தது ஊர்ப்பற்றால் நேர்ந்த அவசரம். ஆயினும் குறிப்பட்டையைப் படித்தவனுக்கு விளைந்த தீங்கு இரண்டிலும் ஒன்றே.

புதிய குறிப்பு

இப்பொழுது அவ்விரு கற்களும் நம் கல்லூரி ஆய்கூடத்து அலுமாரியில் அருகருகே உள்ளன. குறிப்பட்டைகளை இம்முறை எழுதியவன் அம்மாணவன். முதலாவது பின்வருமாறு:

“நண்டுக்கல். மக்குரொப்தல்மஸ் சாதி, லத்ரேய்யி இனத்தை ஒத்தது. ஆண். கடற்சேற்றில் உண்டானது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் அன்று. பரியாரியார் ஒருவர் மருந்துச் சரக்காக வாங்கி வைத்தது. கிடைத்த இடம் பதியப்படவில்லை.”

இரண்டாவது:

“சிப்பியின் அச்சு. யாழ்ப்பாணச் சுண்ணக்கல், மயோசீன் காலம். வலிகாமத்து வீட்டுக் கிணறு, 1965. வெட்டும்போது உடனின்று கண்டவர் சொல்லக் கேட்டு எழுதியது.”

முதற் குறிப்பின் இறுதி வாக்கியத்தை எழுதும்போது அவன் சிறிது தயங்கினான். “ஐயா, இதைப் படிப்பவர்கள் நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கமாட்டார்களா?” என்றான். தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதுபவனையே பின்வருவோர் நம்புவர் என்றேன். சொல்லும்போது என் பழைய குறிப்பட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது. இன்றும் இருக்கின்றது. புதிய வகுப்பினர்க்கு இப்பாடத்தைத் தொடங்கும்போது முதலில் அதனையே எடுத்துக் காட்டுகின்றேன்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

எடுத்த ஒவ்வொரு கல்லோடும் ஐந்து செய்திகளை அன்றே எழுதி வைத்தல் வேண்டும்: கிடைத்த இடம், ஆழம், நாள், எடுத்தவர் பெயர், சுற்றியிருந்த மண்ணின் நிறமும் தன்மையும். ஒட்டிய மண்ணை அழகுக்காகக் கழுவித் துடைத்தல் ஆகாது. மண்ணே கல்லின் பிறப்புப் பத்திரம். கடதாசியில் எழுதுவதோடு, கல்லின் அடியிலும் அழியாத மையால் ஓர் எண் இடுதல் நன்று. கடதாசி நனையும், பெட்டிகள் மாறும், மனிதர் இடம்பெயர்வர்.

பழைய மாணவர் பலருடைய வீடுகளில், உலகின் எம்மூலையில் அவர்கள் வாழினும், தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்த கல்லோ, காசோ, ஏடோ, படமோ ஒன்று இருத்தல் கூடும். அதன் கதையை அறிந்த ஆச்சி ஒருவரும் எங்கேனும் இருப்பார். விழா முடிந்து வீடு திரும்பியவுடன் அவரிடம் ஒரு வினா வினாவி, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, அப்பொருளோடு வையுங்கள். அவர் கண்டதைக் கண்டதெனவும், கேட்டதைக் கேட்டதெனவும் பிரித்து எழுதுங்கள். எம் ஆச்சியிடம் யான் ஓராண்டு முந்திச் சென்றிருப்பின் ஒரு பிழை எழுதப்படாது போயிருக்கும். ஓராண்டு பிந்திச் சென்றிருப்பின் அப்பிழை என்றும் திருத்தப்படாது நின்றிருக்கும். ஏனெனில், அவ்வாண்டு முடியுமுன் அவர் காலமாயினார்.